2013 அக்டோபர் புயல் டென்மார்க்கில் அவ்வளவு வேகம் எடுத்தது எப்படி?

கேள்வி: குளிர்ந்த கடல் சூழ்ந்த வட ஐரோப்பாவில் சூறாவளிக்கு நிகரான காற்று எப்படி வருகிறது?

2013 அக்டோபர் 28 அன்று டென்மார்க்கின் தெற்கே, கெக்னஸ் கடலோரத்தில் பதிவான காற்றின் உச்ச வேகம் மணிக்குச் சுமார் 193 கி.மீ. அந்நாட்டில் அதுவரை பதிவானதிலேயே அதிகம்.

வெப்பமண்டலப் புயல் வெதுவெதுப்பான கடல்நீரிலிருந்து ஆற்றலை எடுத்துக்கொள்கிறது. இந்தப் புயல் வேறு ரகம். இலையுதிர் காலத்தில் வட துருவப் பக்கம் வேகமாகக் குளிர்ந்துவிடும். அட்லாண்டிக்கின் தெற்கிலோ வெப்பம் மிச்சமிருக்கும். இரண்டு காற்றும் மோதும் எல்லையில்தான் புயலுக்கு வேண்டிய ஆற்றல் இருக்கிறது. அதற்கு மேலே, சுமார் 10 கி.மீ. உயரத்தில் ஓடும் ஜெட் காற்றோட்டம் மேல்மட்டக் காற்றை வெளியே இழுத்துவிட்டால், கீழே அழுத்தம் மளமளவென்று சரியும். இன்னொன்றும் உண்டு, என்னை மிகவும் வியக்க வைப்பது இதுதான்: புயலின் மேகத் தலைப்பகுதியிலிருந்து ஒரு குறுகிய காற்றோடை தரையை நோக்கிப் பாயும். வழியில் மழைத்துளிகளும் பனித்துகள்களும் ஆவியாகி அதைக் குளிர்விப்பதால் இன்னும் கனத்து இறங்கும். சில மணி நேரம், குறுகிய பரப்பில் மட்டும் வீசும், சேதமோ பயங்கரம்.

அக்டோபரில் மரங்களில் இலைகள் முழுதாக உதிர்ந்திருக்காது. இலைகள் காற்றைத் தாங்கிப் பிடிக்கும், மழையில் ஊறிய மண் வேரை விட்டுவிடும். ஜனவரிப் புயலைவிட இது மரங்களுக்கு ஆபத்து என்பது என் கருத்து. அன்று இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் பலர் இறந்தது மரம் விழுந்துதான். அப்படிப்பட்ட நாளில் மரங்களடியில் நடக்காதீர்கள், வண்டியையும் நிறுத்தாதீர்கள்.