வேலூரில் சிகிச்சைக்காகத் தங்கியிருக்கிறோம். கிறிஸ்துமஸ் காலத்தில் மனம் அமைதியடைய எந்தச் சாஸ்திரிய இசையைக் கேட்கலாம்?

அம்மாவின் அறுவை சிகிச்சைக்காக பாபுராவ் தெருவில் அறை எடுத்திருப்பதாகவும், இரவில் தூக்கம் பிடிக்கவில்லை என்றும், கடைகளில் ஒலிக்கும் கிறிஸ்துமஸ் பாட்டுகள் படபடப்பைக் கூட்டுகின்றன என்றும் எழுதியிருக்கிறீர்கள். நான் காட்பாடியில் வசிப்பவன். இங்குள்ள ஒரு திருச்சபையின் பாடகர் குழுவில் பல ஆண்டுகளாகப் பாடிவருகிறேன். உங்கள் நிலையில் இருப்பவர்களை டிசம்பர்தோறும் எங்கள் ஆராதனையின் பின்வரிசைகளில் பார்க்கிறேன். அதனால்தான் விரிவாகவே எழுதுகிறேன்.

கடைத்தெருவில் கேட்பது கொண்டாட்டத்துக்கான இசை. டிரம்ஸும் மணியும் இல்லாமல் அது நடக்காது. நீங்கள் தேடுவது தொட்டிலுக்கும் மந்தை காக்கும் இரவுக்கும் உரிய இசை. அதற்கு இத்தாலியில் பழைய மரபு ஒன்று உண்டு. டிசம்பர் மாதத்தில் அப்ரூசி மலைப்பகுதி மேய்ப்பர்கள் ரோம் நகருக்கு இறங்கிவந்து, தெருவோர மாதா சுரூபங்களின் முன் நின்று வாசிப்பார்கள். ஒருவர் கையில் சீவாளி வைத்த குழல், இன்னொருவரிடம் தோல்பை வைத்த துருத்திக்குழல். முன்னவர் மெட்டை வாசிக்க, பின்னவர் ஒரே சுரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பார். நாதசுரத்துக்கு ஒத்து ஊதுவதை நினைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். நடையோ மும்மூன்றாக அசையும் நடை. நம் கணக்கில் திஸ்ரம். கீழே அசையாத சுருதி, மேலே தொட்டில்போல் ஆடும் மெட்டு. இந்த இரண்டும் சேரும்போது மூச்சு தானாக மெதுவாகிறது. சுருதிப்பெட்டி கேட்டு வளர்ந்த காதுக்கு இது அந்நியமாகவே இருக்காது.

முதலில் இத்தாலிய இசையமைப்பாளர் கொரெல்லியிடம் போங்கள். ஆர்க்காஞ்செலோ கொரெல்லியின் ஆறாம் தொகுப்பில் எட்டாவது கான்செர்ட்டோ (வாத்தியக் குழுவுக்கான இசை), ‘கிறிஸ்து பிறப்பின் இரவுக்காக’ என்ற குறிப்போடு அவர் மறைந்த மறு ஆண்டு, 1714-இல் அச்சானது. முழுவதும் கால் மணி நேரம்தான். கடைசிப் பகுதியான பாஸ்டொராலே மேலே சொன்ன மேய்ப்பர் இசையேதான். விரும்பினால் வாசிக்கலாம், இல்லையென்றால் விட்டுவிடலாம் என்று அதற்குக் குறிப்பு இருக்கிறது. அதை விட்டுவிட்டு வாசிப்பவர்கள் எப்படித்தான் எழுந்து போகிறார்களோ! அதுவரை சோகம் தோய்ந்து வந்த சுருதிக்கட்டு அங்கேதான் மலர்ந்து ஒளி பெறுகிறது. ஓர் இரவுக்கு ஒன்றே ஒன்று போதும் என்றால் இதைக் கேளுங்கள்.

ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் கிறிஸ்துமஸ் ஆரட்டோரியோவை (வேதக் கதையைப் பாடகர்களும் வாத்தியங்களும் சேர்ந்து சொல்லும் நீண்ட படைப்பு) இரவில் தொடக்கத்திலிருந்து போட்டுவிடாதீர்கள். பேரிகையும் எக்காளமும் முழங்கத்தான் அது தொடங்கும். 1734 கிறிஸ்துமஸ் முதல் 1735 ஜனவரி 6 வரை லைப்சிக் ஆலயங்களில் ஆறு நாட்களுக்குப் பிரித்துப் பாடுவதற்காக அமைத்த ஆறு பகுதிகள் அவை. நேராக இரண்டாம் பகுதிக்குப் போங்கள். அதன் முகப்பில் வரும் சின்ஃபோனியா என்ற வாத்திய இசையில் புல்லாங்குழலும் வயலினும் ஒருபுறம், ஓபோ என்ற சீவாளிக் குழல்கள் மறுபுறம். வானதூதர்களும் மேய்ப்பர்களும் என்று சொல்வார்கள். மாறி மாறிப் பேசிவிட்டு, போகப்போக ஒன்றாகச் சேர்ந்துகொள்கிறார்கள். அதே பகுதியில் தாழ்ந்த பெண்குரலில் ஒரு தாலாட்டு வருகிறது: ‘உறங்கு, என் அன்பே’ என்று தொடங்குவது, ஏறக்குறைய பத்து நிமிடம். ‘உறங்கு’ என்ற சொல்லில் குரல் ஒரே சுரத்தில் நீளமாக நின்றுவிடும். அடியில் இசை அசைந்துகொண்டே இருக்கும். தூக்கம் வராத இரவுக்கு என் கைவசம் இருப்பதில் இதுவே சிறந்தது.

ஹாண்டெல் என்ற இசையமைப்பாளரின் மெசையா ஆரட்டோரியோவில் ‘பிஃபா’ என்ற சிறு பகுதியும் அந்த மேய்ப்பர் குழலிலிருந்து பெயர் பெற்றதுதான். இளம் வயதில் இத்தாலியில் சில ஆண்டுகள் இருந்தவர் அவர். மெசையாவைக் கிறிஸ்துமஸோடு சேர்த்தே பேசுகிறோம். ஆனால் அது முதலில் அரங்கேறியது 1742 ஏப்ரலில், டப்ளினில். அன்றைய வசூல் கடனுக்காகச் சிறைப்பட்டவர்களுக்கும் அந்நகரின் இரண்டு மருத்துவமனைகளுக்கும் போனது. மருத்துவமனை வாசலில் காத்திருக்கும் உங்களுக்கு இதைச் சொல்லவேண்டும் என்று தோன்றியது.

வாத்தியமே வேண்டாம், குரல் மட்டும் போதும் என்றால் ஸ்பெயின் நாட்டு இசையமைப்பாளர் விக்டோரியா 1572-இல் வெளியிட்ட ‘ஓ மாக்னும் மிஸ்தேரியும்’. மாட்டுத் தொழுவத்தில் பிறந்த குழந்தையைப் பார்த்த வியப்பே அதன் பொருள். லத்தீன் தெரியாவிட்டாலும் அந்த வியப்பு புரியும்.

இவையெல்லாம் உங்களுக்கு. அம்மாவுக்கு வேறு. வலியில் இருப்பவருக்குப் புதிய இசையைப் பழக்கப்படுத்த இது நேரமில்லை. அவர் சிறுவயதிலிருந்து எதைக் கேட்டாரோ அதையே போடுங்கள். பாமாலை பாடி வளர்ந்தவர் என்றால் ‘பக்தரே வாரும்’ ஆர்கனில் மட்டும், நிதானமான காலத்தில். கீர்த்தனை மரபில் வந்தவர் என்றால், தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் காலம் முதல் கர்நாடக ராகங்களிலேயே பாடிவரும் கிறிஸ்தவக் கீர்த்தனைகள் இருக்கின்றன. நீங்கள் எந்தச் சமயத்தவர் என்று எழுதவில்லை, எழுதவும் வேண்டாம். அவருக்குப் பழகியது மார்கழித் திருப்பாவை என்றால் அதுவே மருந்து. வீணையில் நீலாம்பரி ராகம் யாருக்கும் பொருந்தும்.

நேரில் கேட்க விரும்பினால், கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் இருக்கும் அதே வளாகத்தில் 1846-இல் கட்டிய புனித யோவான் ஆலயம் இருக்கிறது. ஞாயிறு ஆராதனைக்கு யாரும் போகலாம். பின்வரிசையில் அமர்ந்தால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

இன்னும் ஒன்று. டிசம்பர் 24 அன்று கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி ஆலயத்திலிருந்து ஒன்பது வேதபாடங்களும் கேரல்களும் கொண்ட ஆராதனையை பிபிசி வானொலி நேரடியாக ஒலிபரப்பும். 1918-இல் தொடங்கியது, 1928 முதல் வானொலியில் வருகிறது. நம் நேரம் இரவு 8.30. துணைக்கருவி எதுவும் இல்லாமல் ஒரே ஒரு சிறுவனின் குரலில் அது தொடங்கும். அம்மா அன்று வார்டில் இருந்தால், ஹெட்ஃபோன் அனுமதி உண்டா என்று பகலிலேயே செவிலியரிடம் கேட்டு வையுங்கள். ஒலியைப் பாதி அளவுக்கும் கீழே வையுங்கள். விளம்பரம் குறுக்கிடும் செயலிகளை மட்டும் நம்பவேண்டாம். மேலே சொன்ன மற்ற இசையை முன்கூட்டியே பதிவிறக்கிக்கொள்வது நல்லது.