மறதிக்கும் போதைக்கும் ஒரே மரபணுவா?

"வாசனையை நினைவில் வைப்பதும் ஆல்கஹால் சீக்கிரம் தலைக்கேறுவதும் பழ ஈக்களில் ஒரே மரபணுவால்தானா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டிலும் பங்குள்ள மரபணு ஒன்று உண்டு. அது தெரியவந்த விதம் எனக்கு மிகவும் பிடித்த கதை.

முதுகலை விலங்கியல் படித்தபோது ரவையும் வெல்லமும் அகரும் காய்ச்சிப் பாட்டிலில் ஊற்றி இந்த ஈக்களை வளர்த்திருக்கிறேன். கனிந்த வாழைப்பழத்தை மொய்க்குமே, அதேதான். புளித்த பழத்தில் பிறந்து வளர்வதால் ஆல்கஹால் அவற்றுக்குப் புதிதில்லை.

1974இல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில், மரபியலாளர் சீமோர் பென்சரின் ஆய்வகத்தில், ஒரு வாசனையை மின் அதிர்ச்சியோடு சேர்த்துக் கொடுத்தார்கள். அடுத்த முறை ஈக்கள் அந்த வாசனையை ஒதுக்கின. அந்தச் சோதனையைச் செய்த வில்லியம் குவின், 1979இல் ஒரு மரபணு பழுதான வேறொரு வகை ஈயைப் பற்றி எழுதினார். அது பாடத்தை ஒழுங்காகக் கற்றுக்கொள்ளும், ஆனால் வெகு சீக்கிரம் மறந்துவிடும். அம்னீசியாக் என்று பெயர்.

அப்புறம் 1998. சான் பிரான்சிஸ்கோவில் உல்ரிக் ஹீபர்லைன் குழு தேடியது போதையை, நினைவை அல்ல. உயரமான கண்ணாடிக் குழாய். உள்ளே சரிவான வலைத்தட்டுகள். ஆல்கஹால் ஆவி ஓடும். நிலைதடுமாறும் ஈ தட்டுத் தட்டாக உருண்டு அடியில் விழும். சாதாரண ஈ சுமார் 20 நிமிடம் தாக்குப்பிடிக்க, ஒரு வகை மட்டும் 15 நிமிடத்திலேயே விழுந்தது. கொஞ்சத்திலேயே போதையேறும் ஆள் என்ற பொருளில் அதற்குச் சீப்டேட் என்று பெயர் வைத்தார்கள். பழுதான மரபணு எது என்று தேடிப் போனால், அங்கே இருந்தது அம்னீசியாக் ஈயில் பழுதான அதே மரபணு!

இந்த மரபணு ஒரு நரம்புப் புரதத் துணுக்கைச் செய்கிறது. அது செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற தூது மூலக்கூறைக் கூட்டுகிறது என்று கருதுகிறார்கள். அந்த மூலக்கூறைத் தயாரிக்கும் நொதி குறைபட்ட ரூட்டபேகா ஈக்களும் கற்பதில் மந்தம், போதையும் சீக்கிரம் ஏறும்.

எனக்கு இன்றும் வியப்பு தருவது அடுத்த சோதனை. சைக்ளிக் ஏஎம்பியைக் கூட்டும் மருந்தைக் கொடுத்ததும் சீப்டேட் ஈக்கள் மற்ற ஈக்களைப் போலத் தாக்குப்பிடித்தன. வளர்ந்த ஈயில் அந்த மரபணுவைச் சற்று நேரம் இயங்கவைத்தாலும் அதே பலன். ஆக, ஆல்கஹால் விஷயத்தில் மூளை தப்பாக வளர்ந்துவிடவில்லை, அந்த நேரத்துக்குத் தேவையான சமிக்ஞைதான் போதவில்லை.

இதை வைத்து, மறதிக்காரருக்குச் சீக்கிரம் போதையேறும் என்று மனிதர்கள் விஷயத்தில் முடிவுகட்டாதீர்கள். நம்மிடமும் சைக்ளிக் ஏஎம்பி உண்டுதான். ஆனால் நமக்குப் போதை ஏறுவதில் உடல் எடை, கல்லீரல் நொதிகள், குடித்துப் பழகிய அளவு எல்லாமே சேர்ந்துகொள்கின்றன.