பாலக்காட்டுப் பிளவில் எண்ணெய் தேங்குமா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை பக்கம் எங்களுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. 600 அடி போர்வெல். கொஞ்ச நாளாகத் தொட்டித் தண்ணீரின் மேல் வானவில் நிறத்தில் படலம் மிதக்கிறது. நிலத் தரகர் ஒருவர், "பாலக்காட்டுக் கணவாயே பூமியில் விழுந்த பிளவுதான். பிளவு இருந்தால் அடியில் எண்ணெய் தேங்கும். இன்னும் 400 அடி இறக்கிப் பாருங்கள்" என்கிறார். கடன் வாங்கியாவது இறக்கிவிடலாம் என்று அண்ணன் நிற்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம். அண்ணன் அந்தக் கடனை வாங்கவே கூடாது.

முதலில் படலத்தைப் பாருங்கள். ஒரு குச்சியால் கீறினால் சில்லு சில்லாக உடைந்து விலகி நிற்கிறதா? அப்படியானால் அது எண்ணெய் அல்ல, தண்ணீரிலுள்ள இரும்பை வைத்துப் பிழைக்கும் பாக்டீரியாவின் வேலை. தொட்டிச் சுவரில் செம்பழுப்பாக வழுவழுப்பும் இருந்தால் ஏறக்குறைய உறுதி. கீறிய இடம் உடனே மூடிக்கொண்டால் எண்ணெய்தான், ஆனால் பாறையிலிருந்து வந்தது அல்ல. கம்ப்ரசர் வைத்துத் தண்ணீர் எடுத்தால் அதன் ஆயில் காற்றோடு குழாய்க்குள் இறங்கும். எண்ணெய் நிரப்பிய சப்மெர்சிபிள் மோட்டாரில் சீல் போனாலும் இப்படித்தான் மிதக்கும்.

இனி பிளவு. கணவாய், பாறைகள் ஒன்றையொன்று உரசி நகர்ந்த மிகப் பழைய பெயர்வு மண்டலம் ஒன்றின் மேல் அமைந்திருக்கிறது என்பது உண்மை. அதனால் எண்ணெய் இருக்கும் என்பதுதான் தவறு. பிளவு எண்ணெயை உண்டாக்காது. வேறெங்கோ உண்டாகி வந்ததை நிறுத்தும், அல்லது விட்டுவிடும்.

எண்ணெய் பிறப்பது களிப்பாறையில். சேற்றோடு புதைந்த நுண்ணுயிர்களும் பாசியும் ஆழத்தில் 60 முதல் 120 டிகிரி வரையிலான சூட்டில் பல பத்து லட்சம் ஆண்டுகள் கிடந்து எண்ணெயாகின்றன. தண்ணீரைவிட லேசானது என்பதால் அது மணற்பாறையின் துளைகள் வழியே மேலேறிக்கொண்டே இருக்கும். அடுக்குகள் பிளந்து ஒரு பக்கம் இறங்கிவிட்ட இடத்தில், ஏறிவரும் மணற்பாறைக்கு எதிரே, எளிதில் கசியவிடாத களிப்பாறை வந்து நின்றால் எண்ணெய் அங்கே தடைபடும். எதிரேயும் மணற்பாறையே இருந்தால் பெரும்பாலும் தாண்டிப் போய்விடும்.

பெரும்பாலும் என்றுதான் சொல்ல முடியும். பாறைகள் நகரும்போது இடையிலுள்ள களி, சுவரில் ஈரமண் தேய்த்தாற்போலப் பிளவின் முகம் நெடுகப் பூசப்படுவதுண்டு. மணல்மணிகள் அரைபட்டு மாவாவதும் உண்டு. சுண்ணாம்புத் தாதுவோ சிலிக்காவோ படிந்தும் துளைகள் அடைபடும். அப்போது மணற்பாறைக்கு எதிரே மணற்பாறை இருந்தாலும் எண்ணெய் நிற்கும். பல காலம் கழித்து அதே பிளவு மறுபடி அசைந்தால் அந்தப் பூச்சு விரிசல் விட்டு, சேர்ந்ததெல்லாம் கசிந்துவிடும். பாறை இறங்கிய அளவு இடத்துக்கு இடம் மாறுவதால், ஒரே பிளவு இங்கே அடைப்பாகவும் சற்றுத் தள்ளி ஓட்டையாகவும் இருக்கலாம். எண்ணெய் வருவதற்கு முன்பே பிளவு உருவாகியிருக்கவும் வேண்டும். பிளவு தெரிகிறது என்பதற்காக மட்டும் எந்த எண்ணெய் நிறுவனமும் கிணறு தோண்டாது. இந்தக் கணக்குகளைப் போட்டுப் பார்த்த பிறகும் வறண்ட கிணறுகள் வரத்தான் செய்கின்றன.

காவிரிப் படுகையில் இது பலித்தது. இந்தியா மற்ற நிலப்பரப்புகளிலிருந்து பிரிந்த காலத்தில் தரை பிளந்து, சில துண்டுகள் மேடாக நின்றன, சில பள்ளமாக இறங்கின. பள்ளங்களில் கிலோமீட்டர் கணக்கில் களியும் மணலும் படிந்தன. நரிமணத்தில் எண்ணெய் கிடைப்பது அந்தப் படிவுகளால்தான்.

உங்கள் தோப்புக்கடியில் இருப்பது நைஸ், சார்னோகைட் போன்ற கருங்கல் வகைப் பாறைகள். 50 கோடி ஆண்டுகளுக்கும் முந்தையவை. சார்னோகைட் 700 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் உருவானது. அந்தச் சூட்டில் எண்ணெய் தங்காது. பிளவு எவ்வளவு நல்ல அடைப்பாக இருந்தாலும் அடைப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

"கருங்கல்லிலும் எண்ணெய் எடுக்கிறார்களே" என்று தரகர் கேட்கக்கூடும். எடுக்கிறார்கள். வியட்நாமின் பாக் ஹோ எண்ணெய் வயலில் கிரானைட்டின் விரிசல்களில் நிறையவே கிடைத்தது. காவிரிப் படுகையின் மாதானத்திலும் படிவுகளுக்கு அடியிலுள்ள கெட்டியான அடித்தளப் பாறையில் எண்ணெய் உண்டு. ஆனால் இரண்டு இடத்திலும் அது பக்கத்திலும் மேலேயும் உள்ள களிப்பாறையிலிருந்து விரிசலுக்குள் புகுந்தது. கொழிஞ்சாம்பாறையைச் சுற்றி அப்படி ஒரு களிப்பாறை கிடையாது.

விரிசலால் உங்களுக்குக் கிடைக்கக்கூடியது தண்ணீர். அதுவும் ஆழம் போகப்போகப் பாறையின் பாரத்தில் விரிசல்கள் இறுகிவிடும் என்பதால், அடுத்த 400 அடியில் தண்ணீர் வரும் என்றுகூட நம்பிக்கை தர மாட்டேன். உங்கள் சித்தூர் பகுதியில் நிலத்தடி நீர் ஏற்கெனவே நெருக்கடியில் இருக்கிறது. ஆழப்படுத்தும் எண்ணம் இருந்தால் முதலில் கேரள நிலத்தடி நீர்த்துறையிடம் இடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அனுமதி பற்றியும் அங்கேயே கேட்டுவிடலாம்.

அப்புறம், 1948-ஆம் ஆண்டின் எண்ணெய் வயல்கள் சட்டப்படி அரசு தரும் குத்தகை இல்லாமல் யாரும் எண்ணெய் எடுக்க முடியாது, சொந்த நிலமானாலும் சரி. தரகர் எண்ணெய்ப் பங்கு, முன்பணம் என்று ஏதாவது பத்திரம் நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். இந்த வாரம் மோட்டாரை மேலே எடுத்து சீலைப் பார்த்துவிட்டு, தண்ணீரைக் கேரள வாட்டர் அத்தாரிட்டியின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்து இரும்பின் அளவைக் கேளுங்கள்.