ஹீட் முள்ளு ஏறல, சைலன்சர்ல கருப்பு புகை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா வணக்கம். என்கிட்ட 2007 மாருதி ஆம்னி இருக்கு, எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டர் இல்ல, இன்ஜெக்டர் வண்டி), பெட்ரோல். தினமும் விடியக்காலைல வில்லிவாக்கத்துலேர்ந்து கோயம்பேடு போய் காய்கறி ஏத்திட்டு வருவேன். ஏழெட்டு மாசமா சிக்னல்ல நின்னா வண்டி உதறுது, ஐட்லிங் ஏறி ஏறி இறங்குது, கருப்பு புகை, சீட்டுக்கு கீழ பெட்ரோல் வாசனை வேற. லிட்டருக்கு 14 குடுத்த வண்டி இப்ப 9 தான் குடுக்குது. பிளக் ரெண்டு தடவை மாத்தியாச்சு, மூணுமே கரி புடிச்சு போயிடுது, இன்ஜெக்டரும் கிளீன் பண்ணியாச்சு. மதியம் டிராஃபிக்ல ரொம்ப நேரம் மாட்டுனா மட்டும் கொஞ்சம் ஒழுங்கா ஓடுது. மெக்கானிக் இசியூ, அதான் பெட்ரோல் அளவைப் பாத்துக்குற கம்ப்யூட்டர், போயிருக்கும்ங்கறாரு. போன கத்திரில ஒரு தடவை ஹீட் ஆகி நின்னுச்சு, அப்போ தெர்மோஸ்டாட் வால்வைக் கழட்டிட்டாங்க, அதுலேர்ந்து ஹீட் முள்ளு கால்வாசிக்கு மேல ஏறவே இல்ல, அதனால அந்தப் பிரச்சனை இல்ல. இசியூ மாத்தலாமா? (வாசகர், வில்லிவாக்கம்)

பதில்: மாத்தாதீங்க, தயவுசெஞ்சு. பிரச்சனை இல்லன்னு கடைசியா எழுதியிருக்கீங்க பாருங்க, எனக்கு அதுலதான் சந்தேகமே.

அதுக்கு முன்னாடி ஒண்ணு. சீட்டைத் தூக்கி பெட்ரோல் ஹோஸ் எங்கயாவது கசியுதா, ஈரமா இருக்கான்னு இன்னைக்கே பாருங்க, 2007 வண்டில ரப்பர் வெடிச்சிருக்க நிறைய வாய்ப்பு இருக்கு, என்ஜின் உங்க சீட்டுக்கு கீழயே இருக்கு, இதை மட்டும் நாளைக்குன்னு தள்ளாதீங்க.

இப்ப வால்வு. என்ஜின் தண்ணி எவ்ளோ சூடா இருக்குன்னு ஒரு சென்சார் இசியூவுக்கு சொல்லிட்டே இருக்கும், தண்ணி ஜில்லுனு இருந்தா என்ஜின் இப்பதான் ஸ்டார்ட் ஆயிருக்குன்னு நினைச்சு இசியூ பெட்ரோலை அதிகமா விடும், பழைய வண்டில சோக் இழுத்து விட்ட மாதிரிதான். தெர்மோஸ்டாட் இருந்தா 82 டிகிரியோ 88 டிகிரியோ, அதுமேலயே நம்பர் அடிச்சிருக்கும், அந்த சூடு வர்ற வரைக்கும் தண்ணியை ரேடியேட்டருக்கு விடாது. அதைக் கழட்டிட்டா விடியக்காலை காத்துல காலி ரோட்டுல போறப்ப என்ஜின் சூடே ஆகாது, இசியூவும் பெட்ரோலை குறைக்காது. மதியம் டிராஃபிக்ல நின்னு நின்னு எப்படியோ சூடாகுது, உடனே வண்டி ஒழுங்காகுது. சென்சார் கெட்டிருந்தா எந்த நேரமும் ஒரே மாதிரிதான் உதறும். மூணு பிளக்கும் சேர்ந்து கரி புடிக்குறதும் இதுக்குத்தான் ஒத்து வருது, ஒரு இன்ஜெக்டர் மட்டும் ஒழுகுனா அந்த ஒரு பிளக்குதான் கருத்திருக்கும். மூணு சிலிண்டர்ல ஒண்ணு சரியா எரியாம மிஸ் ஆனாலே மூணுல ஒரு பங்கு பவர் போச்சு, அதான் அந்த உதறல்.

சென்னை வெயிலுக்கு வால்வு எதுக்குன்னு கழட்டிடுறது இங்க ரொம்ப நாளா இருக்குற பழக்கம், எனக்கு இதுல நிஜமாவே வருத்தம், ஏன்னா நஷ்டம் மைலேஜோட நிக்காது. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவத்துல இருக்குற ஆயிலைக் கழுவிட்டு கீழ ஆயில்லயே போய் கலந்துடும். ஆயில் அளவு பாக்குற குச்சியை (டிப்ஸ்டிக்) எடுத்து மோந்து பாருங்க, பெட்ரோல் வாசனை அடிச்சா ஆயிலையும் ஃபில்டரையும் மாத்திடுங்க, கிலோமீட்டர் கணக்கெல்லாம் பாக்க வேண்டாம்.

ஆனா வால்வை வாங்கி மாட்டிட்டா மட்டும் முடியாது. அன்னைக்கு ஏன் ஹீட் ஆச்சு? ரேடியேட்டர் அடைச்சிருந்துச்சா, ஃபேன் ஓடலயா, தண்ணி லீக்கா, அதை யாரும் பாக்கல, வால்வைக் கழட்டி மறைச்சுட்டாங்க. முதல்ல அதைப் பாத்து சரி பண்ணுங்க, அப்புறம் ஜி.பி. ரோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடைல ஒரிஜினல் தெர்மோஸ்டாட்டும் கேஸ்கெட்டும் வாங்கி மாட்டச் சொல்லுங்க, கூலண்ட் ஊத்தி ஏர் முழுசா எடுக்கணும். சரியா வேலை செய்யுதான்னு வீட்லயே பாக்கலாம்: ஜில்லுனு இருக்குறப்ப ஸ்டார்ட் பண்ணி ரேடியேட்டருக்குப் போற மேல் ஹோஸை ஃபேன், பெல்ட்ல கை படாம தொட்டுப் பாருங்க, ரெண்டு நிமிஷத்துலயே வெதுவெதுப்பானா வால்வு இல்ல, இல்லன்னா திறந்தே மாட்டிக்கிச்சுன்னு அர்த்தம்.

முள்ளு நடுவுல வந்து நின்னும் புகை போகலன்னா அப்ப சென்சாரைப் பாருங்க. முள்ளுக்கு வேற சென்சார், இசியூவுக்கு வேற, இசியூவோடது ரெண்டு ஒயரு. கனெக்டரைக் கழட்டி மீட்டர் வெச்சா 30 டிகிரில சுமார் 1.5லேர்ந்து 2 கிலோ ஓம், 80 டிகிரில 300 ஓம் பக்கத்துல காட்டணும், சூட்டுலயும் இறங்கலன்னா அதுதான் கோளாறு, சில நேரம் பச்சை புடிச்ச கனெக்டரைத் துடைச்சாலே போதும். பெட்ரோல் பிரஷரை சரியா வெக்குற ஃபியூல் ரெகுலேட்டர்ல வேக்யூம் ஹோஸ் இருந்தா உருவிப் பாருங்க, அந்த ஹோஸ் உள்ள பெட்ரோல் இருந்தா ரெகுலேட்டர் உள்ள இருக்குற டயாஃப்ரம் சவ்வு கிழிஞ்சிருக்கு. சைலன்சர் பைப்ல புகையைப் பாக்குற ஆக்சிஜன் சென்சார் கடைசிலதான், இவ்ளோ கரில அதுவும் மூடிப் போயிருக்கலாம், ஆனா காரணத்தை சரி பண்ணாம புதுசு போட்டா அதுவும் கரி புடிக்கும்.

கேள்வி: எனக்கும் இதே மாதிரி உதறல்தான். இ20 பெட்ரோல்னால (20 சதவீதம் எத்தனால் கலந்தது) ரிச் ஆகுது, அதாவது காத்தை விட பெட்ரோல் பங்கு அதிகமாகுதுன்னு சொல்றாங்களே, நிஜமா? (வாசகி, பெரம்பூர்)

பதில்: இல்லம்மா. எத்தனால்ல ஆக்சிஜன் இருக்கு, அதனால காத்து பெட்ரோல் கலவை லீன் பக்கம்தான், அதாவது பெட்ரோல் குறைவான பக்கம்தான் போகும், பழைய ரப்பர் ஹோஸ் கெடலாம்ங்கறது வேற விஷயம். உங்க வண்டி நிஜமா ரிச்சான்னு தெரிஞ்சுக்க பொல்யூஷன் சர்ட்டிபிகேட் எடுக்குறப்ப நம்பரைப் பாருங்க. பிஎஸ்2, பிஎஸ்3 (பாரத் ஸ்டேஜ் புகை விதி) பெட்ரோல் காருக்கு ஐட்லிங்ல கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 750 பிபிஎம் தான் வரம்பு. கார்பன் மோனாக்சைடு ஏறியிருந்தா ரிச். அது கம்மியா இருந்து ஹைட்ரோகார்பன் மட்டும் ஏறியிருந்தா உங்களுக்கு மிஸ்ஸிங், பிளக், காயில், வேக்யூம் லீக் பக்கம் தேடுங்க. ஆனா டெஸ்டுக்கு வண்டியை நல்லா சூடாக்கி எடுத்துட்டுப் போங்க, ஜில்லுனு போனா நல்ல வண்டி கூட ரிச்னுதான் காட்டும்.