கொளத்தூரும் குவாத்தமாலாவும் – கடிதம், பதில்

அன்புள்ள ஐயா,

1954-இல் மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவில், அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏ நடத்திய ஆட்சிக் கவிழ்ப்பைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். ஐந்நூறு பேர்கூட இல்லாத ஒரு படையால் ஓர் அரசு கவிழ்ந்தது என்றால், அந்த அரசுக்கு மக்களிடம் வேர் இல்லை என்றுதானே பொருள்? எல்லாவற்றுக்கும் அந்நியச் சதியைக் காரணம் காட்டுவது உள்ளூர்க்காரர்களின் தவறுகளை மூடி மறைக்காதா? இன்னொன்றும் கேட்க வேண்டும். என் தாத்தாவின் ஊர் மேட்டூரை அடுத்த கொளத்தூர். அங்கே ஈழப் போராளிகள் பயிற்சி எடுத்ததை அவர் பெருமையோடு சொல்வார். அதையும் அந்நியத் தலையீட்டில் சேர்ப்பீர்களா?

செ.,
அஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள செ.,

உங்கள் முதல் கேள்விக்குக் குவாலான் என்ற சிற்றூரில் நடந்ததே பதில். 1954 ஜூன் 18 அன்று, சிஐஏ ஆயுதம் கொடுத்த முன்னாள் ராணுவ அதிகாரி காஸ்தியோ அர்மாஸின் படை ஹொண்டுராஸிலிருந்து எல்லை தாண்டியது. அதில் நூற்றுச் சொச்சம் பேர் கொண்ட ஒரு பிரிவு குவாலானைப் பிடிக்க வந்தபோது, அங்கே காவலிருந்த முப்பது சிப்பாய்கள் அவர்களை அடித்து விரட்டினார்கள். புவர்த்தோ பாரியோஸ் துறைமுகத்தில் காவலர்களோடு துறைமுகத் தொழிலாளர்களும் துப்பாக்கி ஏந்தி நின்று இன்னொரு பிரிவைத் துரத்தினார்கள். வேரில்லாத அரசுக்காக யாரும் இப்படி நிற்பதில்லை. அர்மாஸின் படை தோற்றுக்கொண்டுதான் இருந்தது. பணிந்தவர்கள் குவாத்தமாலா ராணுவத்தின் மேலதிகாரிகள். இந்தச் சிறு படையை முறியடித்தால் அடுத்து அமெரிக்காவே நேரில் வந்து இறங்கும் என்ற அச்சம் அவர்களைப் பிடித்திருந்தது. அதிபர் ஹாகோபோ ஆர்பென்ஸ் ஜூன் 27 அன்று பதவி விலகினார்.

அந்த அச்சம் எப்படி விதைக்கப்பட்டது என்பதுதான் எனக்கு இன்றும் ஆறாத விஷயம். மே 1 முதல் ஒரு ரகசிய வானொலி, குவாத்தமாலாவின் காட்டுக்குள் ஒளிந்திருந்து பேசுவதாகச் சொல்லிக்கொண்டு ஒலித்தது. நிகழ்ச்சிகளை ஃப்ளோரிடாவில் ஒலிநாடாவில் பதிவு செய்து, நாட்டுக்கு வெளியே இருந்து ஒலிபரப்பினார்கள். வீட்டில் வானொலிப் பெட்டிக்கு முன் அமர்ந்திருந்தவருக்கு, பக்கத்து மலையிலிருந்து தன் நாட்டுக்காரன் பேசுகிறான் என்றே பட்டிருக்கும்.

இத்தனைக்கும் ஆர்பென்ஸ் செய்த குற்றம் என்ன? நிலச் சொந்தக்காரர்களில் நூற்றுக்கு இரண்டு பேரிடம் விளைநிலத்தின் 72 சதவீதம் இருந்த நாட்டில், பெரும்பண்ணைகளில் தரிசாகக் கிடந்த நிலத்தை மட்டும் எடுத்து, நிலமற்றவர்களுக்குக் கொடுக்க 1952 ஜூனில் சட்டம் கொண்டுவந்தார். இழப்பீடும் உண்டு, உரிமையாளர் வரிக்காகத் தாமே எழுதிக்கொடுத்த மதிப்புதான் அதற்கு அளவு. நான் வசிக்கும் ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கப் போகும் எவரிடம் சொன்னாலும் இதிலுள்ள நியாயம் ஒரு நொடியில் விளங்கும். யுனைடெட் ஃப்ரூட் என்ற அமெரிக்க வாழைப்பழ நிறுவனம் வரியை மிச்சம் பிடிக்க மதிப்பைக் குறைத்துக் காட்டியிருந்ததால், அதன் நிலத்துக்கு 6 லட்சத்துச் சொச்சம் டாலர்தான் கணக்கானது. அமெரிக்க வெளியுறவுத் துறை கேட்டதோ ஒன்றரைக் கோடி டாலருக்கும் மேல். அந்தத் துறையின் அமைச்சர் ஜான் ஃபாஸ்டர் டல்லஸும், சிஐஏவின் தலைவரான அவருடைய தம்பி ஆலன் டல்லஸும், அந்நிறுவனத்துக்காக வாதாடிய வழக்கறிஞர் குழுமத்திலிருந்து வந்தவர்கள். கம்யூனிச அச்சம் பொய்யென்று நான் சொல்ல மாட்டேன், அவர்கள் அதை நம்பவும் செய்தார்கள். ஆனால் அந்த நம்பிக்கையும் இந்தக் கணக்கும் கைகோத்தே நடந்தன.

உள்ளூர்த் தவறு மறையாதா என்று கேட்கிறீர்கள். காஸ்தியோ அர்மாஸும் குவாத்தமாலாக்காரர்தான், அவரை வரவேற்ற பண்ணையார்களும் அப்படியே. எந்த நாட்டிலும் இத்தகைய பிளவு இருக்கும். அது வாக்குச்சாவடியில் தீர வேண்டியது. வெளியிலிருந்து வந்த கை அதில் ஒரு தரப்பைப் பொறுக்கியெடுத்துப் பணமும் விமானமும் கொடுத்து, தான் கொடுக்கவே இல்லை என்றும் சாதித்தது. கொடுத்த நிலம் பிடுங்கப்பட்டது. 1960 முதல் 1996 வரை நீண்ட உள்நாட்டுப் போரில் இரண்டு லட்சம் பேர் இறந்தார்கள் அல்லது காணாமற்போனார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் மாயா பழங்குடி மக்கள். சிஐஏ தன் ஆவணங்களில் ஒரு பகுதியை வெளியிட்டது 1997-இல், 43 ஆண்டுகள் கழித்து.

இப்போது கொளத்தூருக்கு வருகிறேன். உங்கள் தாத்தாவின் பெருமையை நான் குறைக்க மாட்டேன். 1983 ஜூலைப் படுகொலைக்குப் பிறகு தமிழ்நாட்டு மக்கள் கொடுத்தது உள்ளத்திலிருந்து கொடுத்தது. ஆனால் அரசு கொடுத்தது வேறு. இந்தியாவின் வெளிநாட்டு உளவு நிறுவனமான ரா, ஈழ இயக்கங்களுக்கு வட இந்தியாவில் ஆயுதப் பயிற்சி அளித்தது. இயக்கங்கள் தமிழ்நாட்டில் தாமே நடத்திய முகாம்களை அரசுகள் அறிந்தே விட்டுவைத்திருந்தன. முகாம்களே இல்லை என்று தில்லி வெளியில் மறுத்தும் வந்தது. தில்லிக்கு வேண்டியது என்ன என்பது 1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறப்பட்ட கடிதங்களில் இருக்கிறது: திருகோணமலைத் துறைமுகம், அங்குள்ள எண்ணெய்க் கிடங்குகள், இலங்கையில் செயல்படும் வெளிநாட்டு வானொலி நிலையங்கள். ஒற்றுமைப்படாத பல இயக்கங்களுக்குத் தனித்தனியே ஆயுதம் போனது. 1986-இல் புலிகள் டெலோ என்ற இன்னொரு ஈழ இயக்கத்தை அழித்தார்கள். 1987 அக்டோபரில் இந்திய ராணுவமே புலிகளோடு மோதியது. யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நோயாளிகளும் ஊழியர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1990 மார்ச்சில் திரும்புவதற்குள் இந்திய வீரர்கள் ஏறத்தாழ 1,200 பேர் உயிரிழந்திருந்தார்கள். ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: ஆம், சேர்ப்பேன். நம் ரத்த உறவு என்பதால் அந்தக் கணக்கிலிருந்து தில்லியைக் கழித்துவிட முடியாது.

சில ஆண்டுகளுக்கு முன் கொளத்தூர்ப் பக்கம் ஒரு கடலைக்காட்டில், களை வெட்டிக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் பேசினேன். முகாம் பையன்களுக்குக் களியும் கீரைக் கடைசலும் தூக்குப்போசியில் கொண்டுபோய்க் கொடுத்தவர். "பசிக்குப் போட்டமுங்க, எதுக்கு வந்தாங்க, யாரு கூட்டியாந்தாங்கன்னு நாங்க கேக்கல" என்றார். கொத்தைத் தரையில் வைத்துவிட்டு, "அந்தப் பசங்கள்ல யாராச்சும் உசுரோட இருக்காங்களா சாமி?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பதில் சொல்லக் கடமைப்பட்ட இடத்தில் அவரை யாரும் கேட்கவிட்டதும் இல்லை.

ராஜீவ் கொலையை விசாரித்த ஜெயின் ஆணையத்தின் இடைக்கால அறிக்கையில் அந்த முகாம்கள் பதிவாகியிருக்கின்றன. ஆனால் அதன் வேலை வேறு. உங்கள் தாத்தா நலமாக இருந்தால், யார் வந்தார்கள், எந்த மாதம், எந்த வண்டியில், அரிசி யார் அனுப்பியது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதி வையுங்கள். எழுதியதை எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

அன்புடன்,
ஏற்காட்டிலிருந்து