வெண்டை போட்டால் கையில் என்ன நிற்கும்?

கேள்வி: கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் விலை முன்னறிவிப்பை நம்பி வெண்டை போடலாமா? ஏக்கருக்குச் சாகுபடிச் செலவு 60,000 ரூபாய். பறிப்பு ஆளுக்குக் கூலி 400. ஒருவர் 40 கிலோ பறிப்பார். கோயம்பேட்டில் கமிஷன் 10 சதவீதம். சாக்கு, வண்டி வாடகை, இறக்குகூலி கிலோவுக்கு 3 ரூபாய். – ஊத்துக்கோட்டை வாசகர்

பதில்: போடலாம். ஆனால் முன்னறிவிப்பில் வருவது தரமான காயின் பண்ணை விலை, அதாவது தோட்டத்திலேயே கிடைக்கும் விலை. கோயம்பேட்டு விலையோடு அதை நேராக ஒப்பிடாதீர்கள். அங்கே 25 ரூபாய்க்குப் போனால், கமிஷன் 2.50, வண்டி வகையறா 3 போக, உங்கள் பண்ணை விலை 19.50. பறிகூலி 10 ரூபாயையும் கழித்தால் நிற்பது 9.50. ஏக்கருக்கு 8 டன் வந்தால் சாகுபடிச் செலவு கிலோவுக்கு 7.50; இரண்டு ரூபாய் மிஞ்சும். 6 டன் என்றால் செலவு 10 ரூபாய், அதே விலை கையைக் கடிக்கும்.

அதனால் விலையைவிட மகசூலைக் கவனியுங்கள். மகசூலைக் குலைப்பது பெரும்பாலும் மஞ்சள் நரம்புத் தேமல் என்ற வைரஸ் நோய். இளஞ்செடியில் வந்துவிட்டால் தேறாது, மருந்தும் கிடையாது. பரப்புவது வெள்ளை ஈ. எதிர்ப்புத் திறனுள்ள வீரிய ஒட்டு விதை ஏக்கருக்கு ஒரு கிலோ போதும். ஈயைப் பிடிக்க மஞ்சள் ஒட்டுப்பொறி ஐந்து கட்டுங்கள், நோய்ச் செடியைக் கண்டதும் பிடுங்கி எரித்துவிடுங்கள். விலைக்குப் பயந்து அரை அரை ஏக்கராக இரண்டு தடவை விதைப்பதும் நல்லதுதான். ஆனால் பழைய பாத்தியை ஒட்டியே புதியதைப் போட்டால் ஈ அப்படியே இங்கே குடியேறும்.

கோயம்பேட்டு விலை 14.50-க்குக் கீழே இறங்கினால் பறிப்பதே நஷ்டம். அப்போதும் செடியில் காயை முற்ற விடாதீர்கள். புதுக் காய் பிடிப்பது குறைந்துவிடும். விலை ஏறும் என்று தோன்றினால் பறித்து மாட்டுக்குப் போடுங்கள். தோன்றாவிட்டால் செடியை அழித்து அடுத்த பயிருக்குப் போங்கள்.

கேள்வி: கோயம்பேடு போய்ச் சேர்வதற்குள் காய் கருத்துவிடுகிறது. ஏன்? – பெரியபாளையம் வாசகி

பதில்: ஈரமும் உராய்வும். பனி காய்ந்த பிறகு காம்போடு அறுத்து, நிழலில் பரப்பி ஆறவைத்துக் கட்டுங்கள். சாக்கில் தண்ணீர் தெளிக்க வேண்டாம். சாக்கைத் திணித்துக் கட்டினால் உள்ளே சூடேறும். பிளாஸ்டிக் கிரேட்டுக்குக் கூடுதல் செலவானாலும் கழிவு குறையும். ஒருநாள் விட்டு ஒருநாள் பறியுங்கள். நுனியை வளைத்தால் பட்டென்று ஒடியும் காயைத்தான் வியாபாரி முதல் தரத்தில் எடுப்பார்.