சாக்லேட் சிஸ்ட்: முதலில் அறுவைச் சிகிச்சையா, குழந்தைக்கான முயற்சியா?

கேள்வி: எனக்கு வயது 30. தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். திருமணமாகி மூன்று ஆண்டு ஆகப்போகிறது. கணவருக்கு வளைகுடா நாட்டில் வேலை. திருமணத்தின்போது இரண்டு மாதம் ஊரில் இருந்தார். அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறை 45 நாள் விடுப்பில் வருகிறார். பூப்பெய்திய காலத்திலிருந்தே எனக்கு மாதவிடாய் நாள்களில் கடும் வலி உண்டு. முதல் நாளன்று கரும்பலகையில் எழுதுவதைப் பாதியில் நிறுத்திவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. அந்த நாள்களில் மலம் கழிக்கும்போதும் வலிக்கிறது. சென்ற ஆண்டு எடுத்த ஸ்கேனில் இடது சினைப்பையில் 3.8 செ.மீ. சாக்லேட் சிஸ்ட் இருப்பதாகவும் இது எண்டோமெட்ரியோசிஸ் என்றும் சொன்னார்கள். கருமுட்டை இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனையில் ஏ.எம்.எச். அளவு 1.9. ஆறு மாதம் டயனோஜெஸ்ட் மாத்திரை சாப்பிட்டேன். சென்ற முறை கணவர் வந்திருந்தபோதும் அதைச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன். வலி குறைந்தது, நிறுத்தியதும் திரும்பிவிட்டது. ஒரு மருத்துவர் உடனே லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழியே செய்யும் அறுவைச் சிகிச்சை) செய்யச் சொல்கிறார். இன்னொருவர் நேராக ஐ.வி.எஃப். (உடலுக்கு வெளியே கருவை உருவாக்கிக் கருப்பையில் வைக்கும் சிகிச்சை) போகச் சொல்கிறார். பிள்ளை பிறந்தால் வலி தானாகப் போய்விடும் என்கிறார் மாமியார். சித்திரையில் கணவர் வருகிறார். நான் எதை முதலில் செய்வது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரியிலிருந்தே தொடங்குகிறேன். கணவர் சென்ற முறை வந்திருந்த 45 நாளும் நீங்கள் டயனோஜெஸ்ட் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். அந்த மாத்திரை எண்டோமெட்ரியோசிஸ் வலிக்கு நல்ல மருந்துதான். ஆனால் அதைச் சாப்பிடும் காலத்தில் பெரும்பாலும் கருமுட்டை வெளிவராது; எனவே கருத்தரிக்கும் வாய்ப்பும் இருக்காது. இதை உங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. அந்த விடுப்பைக் கழித்துவிட்டால், நீங்கள் இருவரும் குழந்தைக்காகச் சேர்ந்திருந்தது திருமணத்தை ஒட்டிய 60 நாளும் அடுத்த விடுப்பின் 45 நாளும் மட்டுமே. மொத்தம் 105 நாள், அதாவது மூன்று அல்லது நான்கு மாதவிடாய்ச் சுழற்சி. ஊர் மூன்று ஆண்டு என்று கணக்கு வைத்திருக்கலாம். மருத்துவக் கணக்கில் நீங்கள் இன்னும் நான்கு மாதம்கூட முழுதாக முயன்று பார்க்கவில்லை.

இது வெறும் ஆறுதல் அன்று. சிகிச்சையின் வரிசையையே மாற்றக்கூடிய கணக்கு. எந்தக் குறையும் இல்லாத இளம் தம்பதியரில்கூட, ஒரு மாத முயற்சியில் கருத்தரிப்பது நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபது பேர்தான். எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களுக்கு இது நூற்றுக்கு இரண்டு முதல் பத்து வரை குறையக்கூடும். குறைகிறதே தவிர, இல்லாமல் போய்விடுவதில்லை. இந்த நோயோடு இயற்கையாகவே கருத்தரித்துப் பிள்ளை பெற்ற பெண்கள் நிறைய இருக்கிறார்கள்.

நோயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கருப்பையின் உட்சுவரில் இருக்க வேண்டிய திசுவைப் போன்ற ஒன்று சினைப்பையிலும், கருக்குழாயைச் சுற்றியும், கருப்பைக்கும் மலக்குடலுக்கும் இடைப்பட்ட பகுதியிலும் வளர்கிறது. மாதந்தோறும் அதுவும் கசிகிறது. அந்த ரத்தம் வெளியேற வழியின்றி அங்கேயே தேங்கி, அழற்சியையும் உறுப்புகளுக்கிடையே ஒட்டுதலையும் உண்டாக்குகிறது. சினைப்பைக்குள் தேங்கிய பழைய ரத்தம் கரும்பழுப்பாகக் கட்டிப்போவதால்தான் சாக்லேட் சிஸ்ட் என்ற பெயர். உலகெங்கும் பிள்ளைபெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இந்த நோய் இருக்கிறது. நீங்கள் செய்த எந்தத் தவறாலும் இது வந்ததில்லை. வலியின் அளவும் நோயின் அளவும் ஒத்துப்போக வேண்டும் என்பதும் இல்லை: சிறு புள்ளிகள் மட்டுமே இருப்பவர் துடித்துப்போவதுண்டு, பெரிய கட்டியோடு வலியே தெரியாமல் இருப்பவரும் உண்டு.

இனி அறுவைச் சிகிச்சை. 3.8 செ.மீ. கட்டி இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக, ஒழுங்காக முயன்று பார்ப்பதற்கு முன்பே அதை எடுக்கச் சொல்ல மாட்டேன். கட்டியின் சுவரை உரித்தெடுக்கும்போது அதையொட்டிய நல்ல சினைப்பைத் திசுவும் ஓரளவு சேர்ந்தே வந்துவிடும். அதனால் கருமுட்டை இருப்பு குறையும். அறுவைக்குப் பிறகு ஏ.எம்.எச். அளவு இறங்குவதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். உங்கள் வயதுக்கு 1.9 என்பது சற்றுக் குறைவு, ஆனால் மோசமில்லை. அந்த எண் எத்தனை முட்டை மிஞ்சியிருக்கிறது என்பதைத்தான் காட்டும். முட்டையின் தரத்தையோ, நீங்கள் இயற்கையாகக் கருத்தரிப்பீர்களா என்பதையோ அது சொல்லாது. இருப்பதைக் காப்பாற்றிக்கொள்வது நல்லது என்பதே என் கருத்து. கட்டியை ஊசியால் உறிஞ்சிவிட்டால் போதும் என்று யாராவது சொன்னால் அதற்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அப்படிச் செய்தவை பெரும்பாலும் மீண்டும் நிரம்பிவிடும்.

ஆனாலும் உங்கள் கடிதத்தில் என்னை யோசிக்க வைப்பது கட்டியின் அளவைவிட, மாதவிடாய் நாள்களில் மலம் கழிக்கும்போது வலிக்கிறது என்று எழுதியிருப்பதுதான். கருப்பைக்குப் பின்னால், மலக்குடலை ஒட்டி, நோய் ஆழமாக இறங்கியிருக்கலாம் என்பதற்கு அது ஓர் அடையாளம். வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் சாதாரண ஸ்கேனில் இது தெரியாமல் போகும். இந்த நோயைப் பார்த்துப் பழக்கமுள்ளவரிடம் பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேனும், தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ.யும் எடுத்துக்கொள்ளுங்கள். நோயைக் கண்டுபிடிப்பதற்காகவே லேப்ராஸ்கோப்பி செய்தாக வேண்டும் என்ற நிலை இப்போது இல்லை. ஆழமான நோய் உறுதியாகி, மருந்துகளுக்கும் வலி கட்டுப்படவில்லை என்றால், அப்போது அறுவைச் சிகிச்சைக்குப் பொருள் உண்டு. அதைக் குடல் பகுதியிலும் தேர்ந்த குழுவிடம், ஒரே முறையில் முழுமையாகச் செய்துகொள்வதே நல்லது.

அப்படியொரு முடிவுக்கு வந்தால், நாளைக் குறிக்கும்போது கணவரின் விடுப்பையும் சேர்த்துப் பாருங்கள். அறுவைக்கு அடுத்து வரும் மாதங்கள்தான் கருத்தரிக்க மிக நல்ல காலம். ஆடியில் அறுவை செய்துவிட்டு அடுத்த சித்திரை வரை கணவருக்காகக் காத்திருந்தால், நீங்கள் பட்ட பாட்டின் பயன் பாதியும் வீணாகிவிடும். கட்டி திரும்பி வரவும் கூடும். நம் குமரி மாவட்டத்தில் வளைகுடாவுக்குப் போனவர்கள், மாதக்கணக்கில் ஆழ்கடலில் தங்கும் மீனவர்கள் என்று எத்தனையோ குடும்பங்களில் கணவனும் மனைவியும் நாளெண்ணித்தான் சேர்ந்திருக்கிறார்கள். ஆகவே, உங்கள் கணவர் ஊரில் எத்தனை நாள் இருப்பார் என்பதை உங்களுக்குச் சிகிச்சை தரும் எந்த மருத்துவரிடமும் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

சித்திரைக்கு முன் செய்ய வேண்டியவை சில இருக்கின்றன. ஃபோலிக் அமிலம் நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் இன்றே தொடங்கலாம். தைராய்டு, சர்க்கரை, ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். ரூபெல்லா தடுப்பூசி போட்டிராவிட்டால் இப்போதே போட்டுக்கொள்வது நல்லது. போட்ட பிறகு ஒரு மாதம் கருத்தரிக்கக் கூடாது என்பதால், கணவர் ஊரில் இல்லாத இந்தக் காலம் அதற்குத் தோதானது. கருக்குழாய் திறந்திருக்கிறதா என்று பார்க்கும் எச்.எஸ்.ஜி. பரிசோதனையையும், மாதவிடாய் நின்ற ஓரிரு நாளில், அவர் வருவதற்கு முன்பே முடித்துவிடலாம். சாக்லேட் சிஸ்ட் இருப்பதை அங்கே மறக்காமல் சொல்லுங்கள்; தொற்று ஏற்படாமலிருக்க ஆன்டிபயாடிக் தருவார்கள்.

கணவர் திருவனந்தபுரத்தில் வந்திறங்கிய முதல் வாரத்திலேயே விந்துப் பரிசோதனை செய்துகொள்ளட்டும். இரண்டு முதல் ஏழு நாள் வரை உறவைத் தவிர்த்த பிறகு மாதிரி தர வேண்டும். இதைத் தள்ளிப்போட விடாதீர்கள். எங்களிடம் வரும் பல பெண்கள் ஜவுளிக்கடைப் பை நிறைய நான்கைந்து ஆண்டு ஸ்கேன் அறிக்கைகளைக் கொண்டுவந்து மேசையில் பரப்புவார்கள். கணவருடையது என்று ஒரு தாள்கூட அதில் இருக்காது. முடிவு நன்றாக இருந்து, கருக்குழாயும் திறந்திருந்தால், அந்த 45 நாளை இயற்கையான உறவை மட்டும் நம்பி விட்டுவிடாமல், முட்டை வளர மாத்திரை கொடுத்து, ஸ்கேனில் வளர்ச்சியைப் பார்த்து, ஐ.யு.ஐ. (விந்தணுக்களை நேராகக் கருப்பைக்குள் செலுத்துவது) செய்வதே உங்கள் நிலைக்குப் பொருத்தம். நாள்கள் ஒத்துவந்தால் இரண்டு முறை செய்யலாம். அவர் திரும்பிப் போகும் முன், பதிவு பெற்ற சிகிச்சை மையத்தில் விந்து மாதிரியை உறைநிலையில் சேமித்துவைத்தால், அவருடைய எழுத்துப்பூர்வ ஒப்புதலோடு பிறகும் சிகிச்சையைத் தொடரலாம். இவை எல்லாவற்றையும்விட எளிய வழி ஒன்றும் உண்டு: பள்ளியில் நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு சில மாதம் நீங்களே அவரிடம் போய்த் தங்க முடியுமா என்று இருவரும் கலந்து பேசிப் பாருங்கள்.

ஐ.வி.எஃப். சொன்ன மருத்துவரும் தவறாகச் சொல்லிவிடவில்லை. கருக்குழாய் அடைத்திருந்தாலோ, விந்தணு மிகக் குறைவாக இருந்தாலோ, மேற்சொன்ன முயற்சிகள் பலிக்காவிட்டாலோ அதற்குத்தான் போக வேண்டும். 35 வயது வரை காத்திருக்கக் கூடாது. அதற்கு முன் கட்டியை எடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. போகும் மையம் 2021ஆம் ஆண்டின் உதவி இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டப்படி பதிவு பெற்றதா என்பதை மட்டும் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போது வலி. குழந்தைக்காக முயல்கிறோம் என்பதற்காக அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டியதில்லை. மெஃபனமிக் அமிலம் போன்ற மாத்திரைகளை மாதவிடாய் நாள்களில், வலி தொடங்கும்போதே, சாப்பாட்டுக்குப் பிறகு, மருத்துவர் சொன்ன அளவில் எடுத்துக்கொள்ளலாம். குடல்புண்ணோ ஆஸ்துமாவோ இருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆனால் கருமுட்டை வெளிவரும் நடு நாள்களிலும், கரு தங்கியிருக்கக்கூடிய பின்பாதி நாள்களிலும் அந்த வகை மாத்திரை வேண்டாம். அது முட்டை வெளிவருவதையே தடுக்கக்கூடும். அப்போது பாரசிட்டமால் போதும். அடிவயிற்றில் வெந்நீர்ப் பை வைப்பது உண்மையிலேயே பலன் தரும். உளுந்தங்கஞ்சியும் சாளை மீனும் நன்றாகச் சாப்பிடுங்கள், உடம்புக்கு வலுதான். ஆனால் இந்தக் கட்டியைக் கரைக்கும் உணவு என்று ஒன்று இல்லை. என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாத லேகியத்தையும் பொடியையும் கருத்தரிக்க முயலும் காலத்தில் தொடவே வேண்டாம்.

உங்கள் மாமியார் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். கர்ப்ப காலத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும் மாதவிடாய் நின்றிருப்பதால் பலருக்கு வலி தணிந்திருக்கும். ஆனால் பிள்ளைப்பேறு இந்த நோய்க்கு மருந்து அன்று. மாதவிடாய் திரும்பும்போது வலியும் திரும்பலாம். அப்போதும் அதற்குச் சிகிச்சை தேவைப்படும்.

நீங்கள் கேட்கத் தயங்கியிருக்கக்கூடிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த நோயுள்ள பலருக்கு உறவின்போது ஆழத்தில் வலி இருக்கும். குறித்த நாளில் உறவு கொண்டே ஆக வேண்டும் என்ற நெருக்கடி அந்த வலியை இன்னும் கூட்டும். வலியிருந்தால் கணவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். உங்கள் உடலுக்கு வலிக்காத நிலையைத் தேர்ந்துகொள்ளுங்கள். நாள் பார்க்காமல் இரண்டு அல்லது மூன்று நாளுக்கு ஒருமுறை சேர்ந்தால் போதும். ஐ.யு.ஐ. செய்யும் மாதங்களில் இந்த நெருக்கடி பெருமளவு குறைந்துவிடும் என்பதும் நான் அதைச் சொல்வதற்கு ஒரு காரணம்.

மாதவிடாய் தள்ளிப்போனால் ஒரு வாரத்துக்குள் பரிசோதித்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களுக்குக் கரு குழாயிலேயே தங்கிவிடும் ஆபத்து சற்று அதிகம் என்பதால், ஆறு, ஏழு வாரத்தில் ஒரு ஸ்கேன் கட்டாயம் தேவை. நாள் தள்ளியிருக்கும்போது ஒரு பக்கமாக வயிறு வலித்துத் தலைசுற்றினாலும், எப்போதாக இருந்தாலும் திடீரென்று தாங்க முடியாத வலியும் வாந்தியும் வந்தாலும், காய்ச்சலோடு அடிவயிறு வலித்தாலும், விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழைத்து ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள பெரிய மருத்துவமனைக்கோ போய்விடுங்கள்.

வீட்டில் பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டர் இருக்குமே, அதிலேயே இன்றுமுதல் குறித்து வாருங்கள்: மாதவிடாய் தொடங்கிய நாள், வலி பத்துக்கு எத்தனை, எந்த மாத்திரை, மலம் கழிக்கையில் வலித்ததா இல்லையா. கணவர் வரும் தேதி உறுதியானதும் அதையும் அதில் எழுதி, அந்தத் தாளோடு மருத்துவரைப் போய்ப் பாருங்கள்.